பேட்டரி கழன்றால் மட்டும் போதாது, புதுப் பேட்டரி கடையில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கைப்பேசி மாதிரியான பொருள்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. என் தம்பி மகன் அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இனிமே பழைய நோக்கியா மாதிரி ஆயிடும் பெரியப்பா, நகத்தால தொறந்து மாத்திக்கலாம்" என்று எழுதியிருந்தான். எனக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 21 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். அது கைப்பேசி கம்பெனி இல்லை, ஆனால் ஒரு பொருளை ஏன் ஸ்க்ரூ போட்டு மூடுகிறார்கள், ஏன் பசை போட்டு மூடுகிறார்கள் என்பது ஓரளவு தெரியும். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் அம்மாவின் போனைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 74 வயது, கடலுக்கு இந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் தங்கை வீட்டில் இருக்கிறார். அவருக்கு மூன்று வருடத்துக்கு முன் 899 ரிங்கிட் கொடுத்து ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். ஜொகூரில் இருக்கும் பேத்தியோடு முகம் பார்த்துப் பேசுவது, காலையில் சாமி பாட்டு, மருத்துவமனையிலிருந்து வரும் தேதி பார்ப்பது, அவ்வளவுதான் அவருக்கு அதில் வேலை. போன தீபாவளிக்குப் போனபோது அந்தப் போனின் குறுக்கே இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். "மூடி தொறந்துக்குதுப்பா, அமுக்கி அமுக்கிப் பாத்தேன், நிக்கல" என்றார். வாங்கிப் பார்த்தால் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, அந்த இடுக்கு வழியாக உள்வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது. மேசையில் வைத்தால் நேராக உட்காரவில்லை, விரலால் தொட்டால் ஆடுகிறது. பேட்டரி உப்பிவிட்டது. அந்த உப்பலைத்தான் அவர் தினமும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார், ராத்திரி தலைமாட்டில் வைத்து சார்ஜும் போட்டிருக்கிறார்.

இதைப் படிக்கிற பலருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று தெரியாமல் இருக்கலாம். இந்தப் பேட்டரிகள் கெட்டியான பெட்டி இல்லை, மெல்லிய அலுமினியத் தாளில் செய்த பை. பழசாகும்போதும் சூட்டில் கிடக்கும்போதும் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது, அது வெளியே போக வழியில்லாமல் பை உப்புகிறது. அதை வளைத்தாலோ, கூரான எதுவும் குத்தினாலோ, உள்ளே தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு தகடும் தொட்டுக்கொண்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். அன்றைக்கே ரப்பர் பேண்டைக் கழற்றி, போனை அணைத்து, வெளியே சிமெண்டுத் தரையில் ஒரு பிஸ்கட் டின்னில் மணல் போட்டு அதில் வைத்தேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம் தீவுப் பக்கம் இருக்கிற அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பேட்டரி மாற்ற 380 ரிங்கிட் என்றார்கள். சரி, போட்டுக் கொடுங்கள் என்றேன். ஸ்டாக் இல்லை, கோலாலம்பூரிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, அந்த மாடல் நின்றுவிட்டது, பேட்டரி இனி வராது, பழையதைக் கொடுத்தால் புதுப் போன் விலையில் 120 ரிங்கிட் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். திரையில் ஒரு கீறல் இல்லை, கேமரா நன்றாக இருக்கிறது, எல்லாம் ஓடுகிறது, ஒரே ஒரு பாகம் வயதாகிவிட்டது, அதற்காக முழுப் போனையும் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். கார் பேட்டரி செத்துவிட்டது என்று போனால் வேறு கார் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மெக்கானிக் சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

கடைசியில் ஜார்ஜ்டவுனில் கொம்தார் கட்டடத்துப் பக்கம் ஒரு சின்னக் கடையில், வேறு யாரோ செய்த பேட்டரி கிடைத்தது. கடை முதலாளி, தவுக்கே என்போமே, நல்ல மனிதர், பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். போனை ஒரு சூட்டுத் தட்டின் மேல் சில நிமிடம் வைத்து, ஓரத்தில் ரப்பர் கப்பை ஒட்டி இழுத்து, கிடார் வாசிக்கும் வில்லை மாதிரி ஒரு பிளாஸ்டிக்கைச் சொருகி சுற்றிக்கொண்டே வந்தார். மூடி வந்துவிட்டது. ஆனால் பேட்டரி வரவில்லை. அதன் அடி முழுக்கப் பசை. ஊசியில்லாத சிரிஞ்சில் ஆல்கஹால் எடுத்து ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, காத்திருந்து, ஒரு பிளாஸ்டிக் அட்டையை அடியில் கொடுத்து மெதுவாக நெம்பினார். ஏற்கெனவே உப்பின பேட்டரி, நெம்ப நெம்ப வாழைமட்டை மாதிரி வளைகிறது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தார், நானும் மூச்சு விடவில்லை. முப்பது நாற்பது நிமிடம் ஆனது. அவர் செய்தது கைத்தேர்ந்த வேலை. ஆனால் ஒரு தேய்கிற பாகத்தை மாற்ற இவ்வளவு கைத்தேர்ச்சியும் இவ்வளவு ஆபத்தும் வேண்டும் என்று ஆக்கி வைத்தது யார்? அந்தப் பேட்டரியும் ஏழு மாதத்தில் படுத்துவிட்டது. உறையில் எழுதியிருந்த அளவில் பாதி கூட இருந்திருக்காது.

சரி, இப்போது ஐரோப்பியச் சட்டத்துக்கு வருகிறேன். 2023-இல் நிறைவேறிய பேட்டரிச் சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான்: சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் கருவியாலேயே பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும், தனிக் கருவி தேவை என்றால் அதைப் பொருளோடு இலவசமாகக் கொடுக்க வேண்டும், சூடு காட்டுவது, ரசாயனம் ஊற்றுவது எல்லாம் தேவைப்படக் கூடாது. கொம்தார் தவுக்கே செய்த எதையும் செய்ய வேண்டியிருக்கக் கூடாது என்று அர்த்தம். கடைசி போன் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 5 வருடம் மாற்றுப் பேட்டரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும், வேறு பொருத்தமான பேட்டரி போட்டால் வேலை செய்யாதபடி மென்பொருளால் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. தம்பி மகன் அனுப்பிய செய்தியில் மூடியைத் திறப்பது மட்டும்தான் இருந்தது. என் அம்மாவுக்கு உண்மையில் உதவியிருக்கக்கூடிய வரி இந்த 5 வருட வரிதான்.

ஆனால் கைப்பேசிக்கென்று தனியாக இன்னொரு ஐரோப்பிய விதி 2025 ஜூன் 20 முதலே நடப்பில் இருக்கிறது. அதில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பேட்டரி 500 முறை முழுசாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 83 விழுக்காடு, 1000 முறைக்குப் பிறகும் 80 விழுக்காடு தாங்கினால், அதோடு போன் தூசு புகாமல், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கினால், பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படி செய்ய வேண்டியதில்லை, தொழில் தெரிந்த பழுதுபார்ப்பவர் மாற்றினால் போதும். பெரிய கம்பெனிகளின் விலை உயர்ந்த போன்கள் இந்தச் சந்து வழியாகத்தான் போகும் என்று நான் நினைக்கிறேன். ஏற்கெனவே அவை தண்ணீர் தாங்குகின்றன, ஐபோன் 15 பேட்டரி 1000 சுற்று, அதாவது 1000 முறை முழுசாக ஏறி இறங்குவதை, தாங்கும் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. அவர்களுக்குப் புதிதாகச் செய்ய அதிகம் இல்லை.

1000 சுற்று என்றால் கேட்கப் பெரிதாக இருக்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்று கணக்குப் போடுங்கள், 2 வருடம் 9 மாதம். இங்கே கிராப் ஆப்பில் ஆள் ஏற்றி ஓட்டுகிற, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் போனை மாட்டி, உச்சி வெயிலில் வரைபடம் ஓட, சார்ஜும் ஏற, காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு சார்ஜ் என்றால் அதே 1000 சுற்று ஒன்றரை வருடம் கூட வராது. சூடு இந்தப் பேட்டரியின் முதல் எதிரி, நம் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. 80 விழுக்காட்டுக்கு வந்தவுடன் போன் செத்துவிடாது, உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே போகப் போக மத்தியானத்திலேயே சார்ஜ் தேடுவது, 20 விழுக்காட்டில் சட்டென்று அணைவது எல்லாம் ஆரம்பிக்கும். வேலையே போனில் நடக்கிறவனுக்கு அது சம்பளத்தில் விழுகிற அடி.

கம்பெனிகள் சொல்லும் காரணங்களையும் நான் தள்ளிவிடவில்லை. பசை போட்டால் போன் மெலிசாக வருகிறது, தண்ணீர் புகாது, கீழே விழுந்தால் உள்ளே எதுவும் ஆடாது, லைனில் வேகமாக ஒட்டிக்கொண்டே போகலாம். கழற்றுகிற பேட்டரி என்றால் கையில் எடுக்கிறவர் வளைத்துவிடாமல் இருக்க அதற்கென்று கெட்டியான உறை வேண்டும், அந்த உறை பிடிக்கிற இடத்தில் பேட்டரியின் அளவு கொஞ்சம் குறையும். இது எல்லாம் நிஜம். ஆனால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. 2014-இல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்5 பின்மூடியை நகத்தால் திறக்கலாம், பேட்டரியை எடுக்கலாம், அதுவும் தண்ணீர் தாங்கும் ஐபி67 தரம். மூடியின் உள்பக்கம் சுற்றி ஒரு ரப்பர் வளையம் ஓடும், குக்கர் மூடியில் இருக்கிற காஸ்கெட் மாதிரியேதான். அதே சாம்சங் 2022-இல் வெளியிட்ட எக்ஸ்கவர் 6 புரோ பேட்டரி கழற்றக் கூடியது, ஐபி68 தரம். ஆனால் அதைக் கட்டுமானம், கிடங்கு மாதிரி கடினமான வேலை இடங்களுக்கென்று விற்றார்கள். நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் பல வருடமாகவே இதைச் செய்துகொண்டிருக்கிறது. ஆக வழி தெரியாமல் இல்லை.

இன்னும் நடுவழிகளும் இருக்கின்றன. 2024-இல் வந்த ஐபோன் 16-இல் பேட்டரிக்கு அடியில் ஒரு புதுப் பசை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் போடுவோமே, தலையில் இரண்டு குமிழ் வைத்த சதுர 9 வோல்ட் பேட்டரி, அதைக் கொண்டு சின்ன மின்சாரம் ஒன்றரை நிமிடம் கொடுத்தால் பசை தானாக விட்டுவிடுகிறது, நெம்பவே வேண்டாம். கொம்தார் கடையில் நான் பார்த்த அந்த வளையும் பேட்டரியை நினைத்தால் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குப் புரிகிறது. ஆனால் போனின் மூடியைத் திறப்பது இன்னும் சாதாரண ஆள் வேலை இல்லை. இன்னும் சில போன்களில் பேட்டரிக்கு அடியில் இழுத்தால் வந்துவிடும் பட்டை வைக்கிறார்கள், அது மலிவான வழி, புதிதாக இருக்கும்போது நன்றாக வரும், மூன்று வருடம் சூட்டில் கிடந்த பிறகு பாதியில் அறுந்துபோகும். என் கையிலேயே அறுந்திருக்கிறது.

விலை குறைந்த போன்கள்தான் அதிகம் மாறும் என்று தோன்றுகிறது. 500, 700 ரிங்கிட் போனில் 1000 சுற்று பேட்டரியும் தண்ணீர் தாங்கும் கட்டும் போட்டால் கட்டுப்படியாகாது, அதனால் ஸ்க்ரூ போட்டு மூடி, பேட்டரியைக் கழற்றும்படி வைத்துவிடுவார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அந்த விலைப் போன்கள்தான், அதனால் இது நமக்கு நல்ல செய்தியாக இருக்க வேண்டும். ஆனால் அந்த மாடல் இங்கேயும் வருமா என்பது கேள்வி.

வந்துவிடும் என்பவர்கள் சார்ஜர் துளையைக் காட்டுகிறார்கள். ஐரோப்பா எல்லாப் போனுக்கும் யூஎஸ்பி-சி துளை வேண்டும் என்று சட்டம் போட்டது, அது 2024 டிசம்பர் 28-இல்தான் நடப்புக்கு வந்தது, ஆனால் அதற்கு முன்பே 2023 செப்டம்பரில் ஐபோன் 15 உலகம் முழுக்க அந்தத் துளையோடு வந்துவிட்டது, நாம் ஒன்றும் கேட்காமலே நமக்கும் கிடைத்தது. இரண்டு விதமாகச் செய்தால் செலவு, அதனால் ஒரே மாதிரி செய்தார்கள். சரிதான். ஆனால் அதே கம்பெனி ஐபோன் 14-ஐ 2022-இல் விட்டபோது அமெரிக்காவுக்கு சிம் கார்டு போடும் தட்டே இல்லாமல் ஒரு போன், மற்ற நாடுகளுக்குத் தட்டோடு ஒரு போன் என்று செய்தது. லாபம் இருந்தால் நாட்டுக்கு ஒரு உடம்பு செய்ய முடியும் என்பதற்கு இது போதும். ஐரோப்பாவுக்கு ஸ்க்ரூ, ஆசியாவுக்குப் பசை என்று யாராவது செய்தால் தடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. போன் ஒரே மாதிரி வந்துவிட்டது, மூடியும் ஸ்க்ரூவில் கழல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே போட பேட்டரி எங்கே? போனின் உடம்பு கப்பலில் தானாக வந்துவிடும், ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிற 5 வருடம் அப்படி வராது, அது அந்த நாடுகளின் எல்லையோடு நின்றுவிடும். கைப்பேசிக்கான விதியில் முக்கியமான உதிரிப்பாகங்கள் விற்பனை நின்ற பிறகும் 7 வருடம் கிடைக்க வேண்டும், அதுவும் 5 முதல் 10 வேலை நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு மூன்று வாரம் கழித்து இல்லை என்று பதில் வந்தது. அசல் பேட்டரி கிடைக்காத ஊரில் கழற்றக் கூடிய போன் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 25 ரிங்கிட்டுக்குக் குவித்துப் போட்டிருக்கும் போலிப் பேட்டரியை வாங்கி ஜனங்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். முன்பாவது நடுவில் ஒரு தவுக்கே இருந்தார், பார்த்தவுடனே இது சரியில்லை என்று சொல்ல. அப்படி ஏதாவது ஒரு வீட்டில் தீப்பிடித்தால், பார்த்தீர்களா, நாங்கள் அதனால்தான் ஒட்டி வைத்தோம் என்று கம்பெனிகள் சொல்லும்.

ஒட்டி வைத்தால்தான் பாதுகாப்பு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை, அதற்கு இரண்டு பழைய சம்பவம். 2007 ஆகஸ்டில் நோக்கியா, பிஎல்-5சி என்ற பேட்டரியில் ஒரு தயாரிப்புக் குறை இருக்கிறது, சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம் என்று சொல்லி 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளுக்கு மாற்றுத் தருவதாக அறிவித்தது. பேட்டரியின் பின்னால் இருந்த எண்ணைப் பார்த்து, குறையுள்ளது என்றால் புதுப் பேட்டரி வாங்கிக்கொள்ளலாம். போன் நம் கையிலேயே இருந்தது. 2016-இல் சாம்சங் நோட் 7 பேட்டரி தீப்பிடித்தபோது பேட்டரி போனுக்குள் ஒட்டியிருந்தது, அதனால் சுமார் 25 லட்சம் முழுப் போன்களைத் திரும்பக் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்தவையும் எரிய, அந்த மாடலையே நிறுத்த வேண்டி வந்தது. முதல் சம்பவத்தில் அதைப் போல பதினெட்டு மடங்கு பேட்டரி, ஆனாலும் ஒரு போன் கூடக் குப்பைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

பேட்டரிக்கு வயதானதை போனுக்கே வயதாகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதும் இதில் ஒரு பகுதி. 2017 டிசம்பரில் ஆப்பிள், பேட்டரி பழசான ஐபோன்களை வேண்டுமென்றே மெதுவாக ஓட விடுகிறோம், திடீரென்று அணையாமல் இருக்க, என்று ஒத்துக்கொண்டது. பிறகு அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலருக்குக் குறைத்தது. அதுவரை எத்தனை பேர் போன் மெதுவாகிவிட்டது என்று புதுசு வாங்கியிருப்பார்கள்!

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999-ஆம் வருட பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 37-ஆவது பிரிவு இருக்கிறது. விற்ற பொருளைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பவரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. நல்ல வரி. ஆனால் நியாயமான காலம் என்றால் எத்தனை வருடம்? எண் இல்லை. அதோடு, பாகம் கிடைக்கும் என்று நாங்கள் பொறுப்பேற்கவில்லை என்று வாங்கும்போதே தெரிவித்துவிட்டால் அந்தக் கடமையும் இல்லை என்று அதே பிரிவில் ஒரு விலக்கு. 5 ரிங்கிட் கட்டி பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அம்மா போனுக்காக நான் அந்தப் பாரத்தை எடுத்து வைத்து நிரப்பவும் ஆரம்பித்தேன். மூன்று வருடம் நியாயமான காலமா இல்லையா என்று என்னிடம் கேட்டால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அதனால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த 37-ஆவது பிரிவில் கைப்பேசிக்கு ஓர் எண் போடுங்கள். மாடல் நின்ற நாளிலிருந்து 5 வருடம், அசல் பேட்டரி இந்த நாட்டில் கிடைக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் இல்லை, கொம்தாரில் இருக்கிற தவுக்கேவுக்கும், லிட்டில் இந்தியாவில் கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நம் பையன்களுக்கும் அதே பேட்டரியை விற்க வேண்டும், மூடியின் ரப்பர் வளையத்தோடு சேர்த்து, ஏனென்றால் பழைய வளையத்தை மறுபடி போட்டால் தண்ணீர் புகும், அப்புறம் பேட்டரி மாற்றியதால்தான் போன் கெட்டது என்று பழி கடைக்காரர் மேல் விழும். பேட்டரியின் விலையை போன் விற்கும்போதே எழுதிக் காட்ட வேண்டும். 899 ரிங்கிட் போனுக்கு 380 ரிங்கிட் பேட்டரி என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் நான் அந்தப் போனை வாங்கியிருக்க மாட்டேன்.

குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனால் கதவில் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறது, ஐந்து நட்சத்திரமா மூன்றா என்று பாட்டி கூடப் பார்த்து வாங்குகிறார். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் கைப்பேசிப் பெட்டிக்கும் அப்படி ஒரு வில்லை உண்டு, எத்தனை சுற்று பேட்டரி தாங்கும் என்று ஓர் எண்ணும், பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று ஓர் எழுத்துத் தரமும் அதில் போட்டிருக்கிறது. அந்தக் கம்பெனிகள் அங்கே ஒட்டுகிற வில்லையை இங்கேயும் ஒட்டச் சொல்வதில் யாருக்கும் புதுச் செலவு இல்லை, சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது, தாள்தான் அச்சடிக்க வேண்டும்.

கழற்றிய பழைய பேட்டரி எங்கே போகும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு மாற்ற ஆரம்பித்தால் பாதி குப்பைத் தொட்டிக்குத்தான் போகும், குப்பை லோரி அமுக்கும்போது தீப்பிடிக்கும். போன் பேட்டரி விற்கிற ஒவ்வொரு கடையும் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும், திரும்பக் கொடுத்தால் ஐந்து பத்து ரிங்கிட் கழித்துக்கொடுங்கள், தானாக வரும். கார் பேட்டரிக்கு இதைத்தானே பல வருடமாகச் செய்கிறோம்.

எங்கள் ஊர் என்பதால் இன்னொன்றும் மனதை அறுக்கிறது. இன்டெல் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்ததிலிருந்து அரை நூற்றாண்டாக உலகத்தின் மின்னணுப் பொருள்களுக்கு எங்கள் கைகள் வேலை செய்கின்றன. இரவு ஷிப்ட் பேருந்தில் பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் பாலம் ஏறிப் போன அக்காமார்கள், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியிழை மாதிரி கம்பியை ஒட்டியவர்கள், அவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அந்த ஊரில் ஒரு மூன்று வருடப் போனுக்குப் பேட்டரி இல்லை என்று சொல்வதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பேட்டரியைப் பாதுகாப்பாக மாற்றக் கற்றுக்கொடுக்க, போலியைப் பிரித்துப் பார்க்க, சோதிக்க, எங்களிடம் ஆள் இல்லாமல் இல்லை, வேலை ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள் ஒவ்வொரு தாமானிலும், அதாவது குடியிருப்பிலும், பத்துப் பேர் இருக்கிறார்கள்.

1969-இலிருந்து இந்த ஊரில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்த விஷயத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பியக் கெடுவுக்காக கம்பெனிகள் புது மாடல்களைத் தீர்மானிக்கிற நேரம் இது, இப்போது கேட்டால் காதில் விழும். போன் பழுதுபார்க்கும் தம்பிமார்கள் யாராவது இதைப் படித்தால், எந்தெந்த மாடலுக்கு அசல் பேட்டரி கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை, எத்தனை நாளாகிறது என்று இதே பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். நடுவர் மன்றப் பாரத்தில் நான் காலியாக விட்டிருக்கிற இடத்தில் எழுத எனக்கு அது தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு